கச்சான் காற்றும் கதவடைத்த மத்தியானமும்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஓகஸ்ட் விடுமுறையைப் பற்றியே இருந்தன. சிறு பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு திருகோணமலை வெயிலில் இந்த நாட்களை எப்படிக் கடப்பது என்று கேட்டவர்களில் மூவருடைய கடிதங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கு நீண்ட பதில் தேவைப்பட்டது. ஆகையால் இந்த மூவரைத் தவிர்ந்த மற்ற வாசகர்களின் கேள்விகள் அடுத்த இதழில் இடம்பெறும்.

கேள்வி: எனக்கு ஆறு வயதில் ஒரு மகளும் மூன்றரை வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். கணவருக்குக் கொழும்பில் வேலை. மாதத்தில் இரண்டு தடவைதான் வந்து போவார். விடுமுறை தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. எங்கள் வீடு சீற் கூரை வீடு. பத்து மணிக்குப் பிறகு பிள்ளைகளை வெளியே விட முடியவில்லை. உள்ளேயும் இருக்க முடியவில்லை. இருவரும் ஓயாமல் சண்டை பிடிக்கிறார்கள். கடைசியில் கைபேசியைக் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போகிறேன், பிறகு அதை நினைத்து மனம் வருந்துகிறேன். பக்கத்து வீட்டில் பிள்ளைகளைச் சித்திர வகுப்பு, ஆங்கில வகுப்பு என்று அனுப்புகிறார்கள். நானும் அப்படிச் செய்ய வேண்டுமா? – ஒரு தாய், உப்புவெளி.

பதில்: அன்புள்ள தங்கைக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பிள்ளைகள் சிணுங்குவதற்கும் சண்டை பிடிப்பதற்கும் உங்கள் வளர்ப்பில் குறை தேட வேண்டாம். பாதிக் காரணம் கச்சான் காற்று. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, கிழக்கே இறங்கும்போது சூடேறிக் காய்ந்த காற்றாக நம்மிடம் வந்து சேர்கிறது. நுவரெலியாப் பிள்ளைகள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு மழையைப் பார்த்திருக்கிற அதே நாளில், நமது முற்றத்து மணல் காலைச் சுடுவது இதனால்தான். பகல் வெப்பம் 34, 35 பாகை செல்சியசைத் தொடுவது இந்த மாதங்களில் வழமை. சீற் கூரையின் கீழே அது இன்னும் கூடும். சிறு பிள்ளைக்கு உடல் எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு பெரியவர்களைவிட அதிகம், வியர்வை சுரப்பதோ குறைவு. ஆகவே நமக்கு எரிச்சல் மட்டும் தருகிற வெயில் அவர்களை உண்மையிலேயே சோர வைத்துவிடும். அந்தச் சோர்வைச் சொல்ல வார்த்தை தெரியாத வயதில் அது சிணுங்கலாகவும் அடிதடியாகவும்தான் வெளிவரும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் மூத்த மகனுக்கு நான்கு வயதாக இருந்தபோது ஒரு நாள் பதினொன்றரை மணி வெயிலில் கடைக்குக் கூட்டிச் சென்றேன். திரும்பி வரும் வழியில் அவன் நடக்க மாட்டேன் என்று அழுதான். பிடிவாதம் என்று நினைத்துத் திட்டிக்கொண்டே கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வீட்டு விறாந்தையில் ஏறியதும் வாந்தி எடுத்துவிட்டுத் துவண்டு படுத்தான். முகம் சிவந்து, கழுத்து நெருப்பாகச் சுட்டது. சட்டையைக் கழற்றி, நனைத்த சாறத்தால் உடல் முழுவதும் ஒற்றி, கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுத்து, அரை மணி நேரம் விசிறிக்கொண்டே இருந்தேன். அதன் பிறகு அவன் கண்ணைத் திறந்து, தன்னுடைய மாபிள் எங்கே என்று கேட்டான். அன்று அவனைத் திட்டியது இன்றுவரை என் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஆகையால் வகுப்புகளைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு நாளின் ஓட்டத்தை மாற்றுங்கள். பாடசாலை நாட்களில் நாம் மணிக்கூட்டுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறோம். விடுமுறையில் வெயிலுக்குக் கட்டுப்பட்டு நடந்தால் போதும். விடுமுறைதானே என்று பிள்ளைகளை எட்டு மணி வரை தூங்க விடுவது அன்பான செயலாகத் தோன்றினாலும், வெளியே விளையாடக் கிடைக்கிற மிக நல்ல இரண்டு மணி நேரத்தை அது விழுங்கிவிடுகிறது. ஐந்தரை மணிக்கே எழுப்புங்கள். ஆறு மணியிலிருந்து எட்டரை, ஒன்பது மணி வரை முற்றமோ கடற்கரையோ அவர்களுடையதாக இருக்கட்டும். ஓடுவதும் மண் கிண்டுவதும் சைக்கிள் மிதிப்பதும் அந்த நேரத்திலேயே நடந்துவிட வேண்டும். பத்து மணி முதல் மூன்றரை வரை உள்ளே, பிறகு குளிப்பு, நான்கு, நான்கரைக்குப் பிறகு மறுபடி வெளியே. காலையில் நன்றாக ஓடிய பிள்ளை மத்தியானச் சோற்றுக்குப் பின் தானாகவே உறங்கும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குப் பகல் உறக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில் கூறியிருக்கிறது. உங்கள் மகளுக்கு உறக்கம் வராவிட்டாலும் பாயில் படுத்துப் புத்தகம் பார்க்கலாம். அந்த ஒரு மணி நேரம் நீங்களும் படுங்கள். துணி மடிப்பதற்கு அதைச் செலவழிக்க வேண்டாம்.

வீட்டைக் குளிர்விக்கக் கச்சானே உதவும். அது வறண்ட காற்று என்பதால், காற்று வருகிற மேற்குப் பக்க யன்னலில் நனைத்துப் பிழிந்த பழைய சீலை ஒன்றைத் தொங்கவிட்டால், ஈரம் விரைவாக ஆவியாகும்போது உள்ளே வருகிற காற்றின் சூடு தணியும். காற்று அசையாத புழுக்க நாட்களில் இந்த முறை பயன்தராது. மற்ற யன்னல்களைக் காலை ஒன்பது மணிக்கே அடைத்து, இரவில் எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் சீற்றின் மேல் கிடுகு பரப்புவது மிகவும் நல்லது. செலவு குறைவு, நேர்வெயில் சீற்றில் படாததால் உள்ளே நல்ல வித்தியாசம் தெரியும். மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் நம்மவர்கள் பிள்ளைகளை வளர்த்தது கிடுகையும் மண்பானையையும் விறாந்தையில் விரித்த பாயையும் நம்பித்தான்.

இனி, அடைத்த கதவுக்குள்ளே ஐந்து மணி நேரம் என்ன செய்வது என்பது. இங்கேதான் பல தாய்மார் தம்மைத் தாமே வருத்திக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைக்கு ஒவ்வொரு மணிக்கும் ஒரு விளையாட்டை உண்டாக்கிக் கொடுப்பது உங்கள் வேலையல்ல. நீங்கள் செய்கிற வேலையில் அவர்களுக்கு ஒரு பங்கு கொடுங்கள். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நான் முன்பள்ளியில் படிப்பித்த காலத்தில், வண்ணப் பென்சிலோடு பத்து நிமிடம்கூட இருக்க மாட்டாத ஒரு சின்னப் பையனின் முன்னால் ஒரு கட்டு முருங்கைக் கீரையை வைத்தேன். முதலில் ஒவ்வோர் இலையாகப் பிய்த்தான்; பிறகு, ஈர்க்கை நுனியில் பிடித்து மற்றக் கையால் இழுத்தால் இலையெல்லாம் ஒன்றாகக் கழன்று வருவதைத் தானே கண்டுபிடித்துவிட்டு, அந்தக் கட்டு முழுவதும் முடியும் வரை எழும்பவே இல்லை. கச்சான் கடலையின் கோது உடைப்பது, பயறு பொறுக்குவது, வெங்காயச் சருகு உரிப்பது, உலர்ந்த உடுப்புகளில் சோடிக் காலுறை தேடுவது ஆகிய எல்லாமே மூன்றரை வயதுக்கு ஏற்ற வேலைகள். வேலை இரு மடங்கு நேரம் எடுக்கும், குசினி குப்பையாகும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கச்சான் உடைக்கிறபோது உங்கள் மகள், காற்றுக்கும் கடலைக்கும் ஏன் ஒரே பெயர் என்று கேட்டாலும் கேட்பாள். ஒரு பிள்ளை அப்படிக் கேட்டபோது நான் திகைத்து நின்றேன். பிறகு வகுப்பு முழுவதும் ஆளுக்கொரு காரணம் கட்டிச் சொல்ல, அந்தக் காலைப்பொழுதே அதில் போயிற்று.

அவளுக்குக் கொக்கான் வெட்டக் கற்றுக்கொடுங்கள். ஐந்து கல்லும் சீமெந்துத் தரையும் போதும். ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் கீழே கிடப்பதை அள்ளிப் பிடிக்கப் பழகவே அவளுக்கு இந்த விடுமுறை சரியாக இருக்கும். தம்பி சிறு கற்களை வாயில் போடுகிற பிள்ளையாக இருந்தால் அவன் உறங்குகிற நேரத்தில் விளையாடட்டும். தாயக்கட்டை விளையாட்டு எண்ணப் பழக்கும், தோற்கவும் பழக்கும். ஒன்றும் செய்யாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, போரடிக்கிறது என்று முறையிடுகிற நேரமும் வரும். அப்போது ஓடிச் சென்று எதையும் கையில் கொடுக்க வேண்டாம். பெரும்பாலும் ஒரு கால் மணி நேரத்துக்குள் தலையணைகள் தோணியாகிவிடும்.

தண்ணீர் விளையாட்டு இந்த வெயிலுக்கு ஏற்றதுதான். அதில் இரண்டு விடயங்களில் கண்டிப்பாக இருங்கள். முதலாவது, வாளியானாலும் பேசினானாலும் தண்ணீர் இருக்கிற இடத்தில் சிறு பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுக் கதவைத் திறக்கக்கூடப் போகக் கூடாது. சில அங்குலத் தண்ணீரில் முகம் குப்புற விழுந்தாலே அந்த வயதில் உயிராபத்து. கிணற்றுக் கட்டு உயரமில்லாவிட்டால் மூடி போடுங்கள். இரண்டாவது, விளையாட்டு முடிந்ததும் தண்ணீரை மரத்தடியில் ஊற்றிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வையுங்கள். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதை நாம் மறந்துவிடவில்லை. அந்த நுளம்பு தெளிந்த தண்ணீரில் முட்டையிடுகிறது; முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும்; பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டை, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஆகவே ஊற்றினால் மட்டும் போதாது, வாரத்துக்கு ஒரு தடவை தும்பால் உரசிக் கழுவவும் வேண்டும்.

கைபேசியைப் பற்றி வருந்தி எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் திரை பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று மேலே சொன்ன அதே வழிகாட்டல் கூறுகிறது. என் கருத்து இது: அழுகையை நிறுத்துவதற்காகக் கொடுக்காமல், நீங்களாகவே ஒரு நேரத்தை நிச்சயித்து, தினமும் அதே நேரத்தில் கொடுத்து, அதே நேரத்தில் வாங்கிவிடுங்கள். அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை ஒரு தடவை கண்டுகொண்டால் நாள் முழுவதும் அழும். பின்னேரம் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் மூன்று மணிக்கு மட்டும்தான் கேட்கும். அந்த நேரத்தில் நீங்கள் சமைப்பதிலோ சற்று உட்கார்ந்திருப்பதிலோ தவறேதும் இல்லை.

வகுப்புகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மகள் விரும்பிக் கேட்டால் சித்திர வகுப்புக்கு அனுப்பலாம், அது காலையில் நடக்கிற வகுப்பாக இருந்தால். பக்கத்து வீட்டைப் பார்த்து அனுப்ப வேண்டிய தேவை இல்லை. கணவர் வருகிற இரண்டு தடவையும் விருந்தாளி போல உபசரிக்கப்படாமல், ஒரு காலை முழுவதும் பிள்ளைகளை அவரே கடற்கரைக்குக் கூட்டிச் செல்லட்டும். அதை அவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு மாதம். மனைவி தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறார். இந்த வெயிலுக்குப் பிள்ளையின் தொண்டை காய்ந்துபோகும், கொதித்தாறிய தண்ணீர் இரண்டு கரண்டியாவது கொடுக்க வேண்டும் என்று என் உம்மா சொல்கிறார். மனைவி மறுக்கிறார். இருவருக்கும் இடையில் நான் நிற்கிறேன். – ஒரு தந்தை, கிண்ணியா.

பதில்: தம்பி, இதில் உங்கள் மனைவி சொல்வதே சரி. ஆறு மாதம் நிறையும் வரை எந்த வெயிலிலும் குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஒவ்வொரு தடவையும் தொடக்கத்தில் சுரக்கிற பால் இன்னும் நீர்த்தன்மையாக இருந்து தாகத்தைத் தீர்த்துவிடுகிறது. கொதித்தாறிய தண்ணீரானாலும் கரண்டி வழியாகவும் கோப்பை வழியாகவும் கிருமி போய் வயிற்றோட்டம் வரலாம். சிறிய வயிறு தண்ணீரால் நிறைந்தால் குழந்தை பாலைக் குறைத்துவிடும், குழந்தை குடிப்பது குறைந்தால் பால் சுரப்பதும் குறையும். செய்ய வேண்டியது, வெயில் நாளில் இன்னும் அடிக்கடி பால் கொடுப்பது. நாளுக்கு ஆறு தடவையாவது துணி நன்றாக நனைந்து, சிறுநீர் வெளிர் நிறமாக இருந்தால் குழந்தைக்குப் போதிய பால் கிடைக்கிறது என்று பொருள். ஆறு மணி நேரமாகத் துணி நனையாமல், வாய் உலர்ந்து, அழும்போது கண்ணீர் வராமல், உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

உம்மா அன்பினால்தான் சொல்கிறார். தண்ணீர் கொடுத்து வளர்த்த பிள்ளைகளில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். ஆகவே அவருடைய கையிலிருந்து கரண்டியை மட்டும் வாங்கி வைக்காமல், அந்தத் தண்ணீரை உங்கள் மனைவிக்குக் கொடுக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படையுங்கள். பால் கொடுக்கிற தாய் ஒவ்வொரு தடவையும் ஒரு கோப்பை தண்ணீரோ மோரோ குடிப்பது நல்லது, நாளின் களேபரத்தில் அவர் அதை மறந்துவிடுவார். மருமகளுக்குக் குடிக்கக் கொடுத்தால் அது பேரனுக்கே போய்ச் சேரும் என்பதை உம்மாவிடம் மகனாகிய நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். வியர்க்குரு வந்தால் பவுடரை அள்ளிக் கொட்டாமல், பருத்தித் துணியோடு விட்டு, வெறும் தண்ணீரில் உடலைத் துடைத்துக் காற்றாட வையுங்கள்.

கேள்வி: கனடாவிலிருந்து என் மகள் தன் இரண்டு பிள்ளைகளோடு மூன்று வாரத்துக்கு வருகிறாள். பேரப்பிள்ளைகளுக்கு ஐந்து வயதும் எட்டு வயதும். கோணேசர் கோவில், நிலாவெளி, கன்னியா என்று எல்லாம் காட்ட ஆசையாக இருக்கிறது. வெயில் தாங்குவார்களா என்று பயமாகவும் இருக்கிறது. – ஓர் அம்மம்மா, திருகோணமலை நகரம்.

பதில்: அம்மா, உங்கள் ஆசை நியாயமானது, முதல் வாரத்தை மட்டும் சற்று அடக்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிய வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். வந்த மறுநாளே வாகனம் பிடித்து எல்லா இடத்துக்கும் போனால் பிள்ளைகள் படுக்கையில் விழுவார்கள். அந்த நாட்களில் வீட்டு முற்றம், கிணற்றடிக் குளிப்பு, செவ்விளநீர், வத்தகப்பழம், நீங்கள் சொல்லும் கதை ஆகியவை போதும். வீட்டில் இரண்டு ஜீவனிப் பைக்கற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற நீரேற்று உப்புத் தூள்) வாங்கி வையுங்கள். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குப் பிறகு மிஞ்சியதை ஊற்றிவிட வேண்டும். வயிற்றோட்டத்துக்குத்தான் அது, சாதாரண தாகத்துக்குத் தண்ணீரே நல்லது. உடல் நெருப்பாகச் சுட்டு, பிள்ளை பேச்சுத் தடுமாறி மயங்குவது போல் இருந்தால், வாயில் எதையும் ஊற்றாமல் நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறிக்கொண்டே 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.

கோணேசர் கோவிலுக்குக் காலைப் பூசைக்கே போய்விடுங்கள். பத்து மணி கடந்தால், கோவில் இருக்கிற சுவாமி மலையின் வெறும் நிலம் பிள்ளைகளின் செருப்பில்லாத பாதத்தைக் கொப்புளிக்க வைக்கும். போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நிற்கும். பேரப்பிள்ளைகள் அவற்றையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொலித்தீன் பை எதையும் அங்கே விட்டு வராதபடி சொல்லி வையுங்கள், மான்கள் அதைத் தின்றுவிடும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு என்பது எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரிய அதிசயம். கையை விட்டுப் பார்த்து, எது சூடு கூடியது என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். அதற்கும் விடியற்காலைதான் நல்ல நேரம்.

நிலாவெளிக் கடல் இந்த மாதங்களில் அலையடங்கிக் கிடக்கும். அதனாலேயே நான் ஒரு விடயத்தை வலியுறுத்திச் சொல்கிறேன். கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று. காற்றடைத்த வளையத்திலோ மிதவையிலோ பிள்ளையை ஏற்றிவிட்டால், கடல் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும், காற்று அதைக் கரையிலிருந்து மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போகும். பிள்ளை பயந்து அழும்போது நீந்திப் பிடிக்க முடியாத தூரத்தில் இருக்கும். ஆகவே அந்த வளையங்களைக் கடலுக்குக் கொண்டு போகவே வேண்டாம். பிள்ளைக்கு இடுப்பளவு தண்ணீர், பெரியவர் ஒருவர் கைக்கு எட்டுகிற தூரம், எட்டரை மணிக்குக் கரையேற்றம் என்று மகளோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

அவர்கள் ஓகஸ்ட் இறுதி வரை நிற்பதாக இருந்தால் இன்னொன்றும் காட்டலாம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒரு தடவையும் ஓகஸ்ட் 30ஐ ஒட்டி ஒரு தடவையும் சூரியன் திருகோணமலைக்கு நேர் உச்சியில் வருகிறது. அன்று பன்னிரண்டு மணி கடந்து ஐந்தாறு நிமிடத்தில் முற்றத்தில் ஓர் ஈர்க்குக் கட்டையை நேராக நட்டு வைத்தால் அதற்கு நிழலே இருக்காது. கனடாவில் அவர்கள் ஒருநாளும் காண முடியாத காட்சி அது. தொப்பி போட்டு இரண்டு நிமிடம் பார்க்கவிட்டு, உடனே விறாந்தைக்கு ஏற்றி, மோர் கொடுங்கள்.